முழங்கால் என்றுதான் இதுவரை சொல்லி வந்தேன்

வருகிற செவ்வாய்க்கிழமை காலை, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இதுவரை நான் முகம் பார்த்தறியாத என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் சந்திக்க வேண்டும். திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் பயணம். போய்த் தங்குவதற்குக் கல்லடியில் தங்கையின் வீடு இருக்கிறது. போகும் வான் பேசியாகிவிட்டது. கடிதமும் கையில் இருக்கிறது. இவையெல்லாம் ஒரே நாளில் ஒழுங்காகிவிட்டன. அவர் முன்னே உட்கார்ந்து என்ன சொல்வது என்பதை ஒழுங்குபடுத்தத்தான் எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. 34 வருடங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்து, வினாவை விளங்கிக்கொள்ளாமல் விடை எழுதாதே என்று நாள்தோறும் சொல்லிவந்த நான், என்னுடைய காலைப் பற்றிய வினாவையே மூன்று வருடங்களாகப் பிழையாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது இந்த மூன்று வாரங்களில்தான் தெரியவந்தது.

வலது முழங்கால் நோவுக்காக நான் இவ்வளவு காலமும் போய்வந்தது வேறொரு வைத்தியசாலை. அதன் பெயர் இங்கே வேண்டாம். காலை ஆறு மணிக்குப் போய் இலக்கம் எடுத்து, பத்துப் பதினொரு மணிவரை வாங்கில் காத்திருந்து, உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டிய அளவுக்கு அங்கே கூட்டம். அங்கிருந்த நிபுணர் பொறுமையானவர்; அவர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு, மட்டக்களப்புக்கு வந்துவிடு என்று தங்கை விடாமல் சொல்லத் தொடங்கினாள். போவதா வேண்டாமா என்று ஆறு மாதம் இழுத்தடித்தேன். கொப்பி போட்டுக் கடனுக்குச் சாமான் வாங்கிய கடையைத் தாண்டி, எதிர்க்கடையில் வாங்கிய பையைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு போகிறவருக்கு வருமே ஒரு கூச்சம், அதுதான் எனக்கும் வந்தது. ஆனால் கூச்சம் படியேற உதவாது. உவர்மலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு நான்கு படிகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்குவது வழக்கமாகிவிட்டிருந்தது.

தங்கையின் மகள், என்னுடைய பெறாமகள், தாதியாக வேலை செய்கிறாள். நாள் குறித்தாகிவிட்டது என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, டொக்டர் ஆணா பெண்ணா என்பது. ஆண் என்றாள். அடுத்து நான் கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அவள்தான் தொடர்ந்து பேசினாள். "பெரியம்மா, டொக்டரோட கதைக்கப் பத்து நிமிசம் கிடைச்சாலே பெரிய காரியம். அதில மூண்டு நிமிசம் நீங்க பையுக்குள்ள படத்தைத் தேடுறதிலயே போயிடும். எல்லாத்தையும் ஒரு பக்கத்தில எழுதிக்கொண்டு வாங்கோ." ஒரு பக்கம்தானே, ஒரு பின்னேரத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அலுமாரியின் அடித்தட்டில் ஒரு புடவைக்கடைப் பைக்குள் எல்லாம் கிடந்தன. சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நிலத்தில் பாய் விரித்துப் பரப்புகிற காலம் போய்விட்டது. கிளினிக் கொப்பி இரண்டு, நோய் நிர்ணய அட்டை ஒன்று (அது பதினைந்து வருடங்களுக்கு முன் பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பும்போது தந்தது, எப்படியோ தப்பியிருக்கிறது), இரத்தப் பரிசோதனைத் தாள்கள், பாமசிப் பற்றுச்சீட்டுகள், மூன்று எக்ஸ்ரே படங்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் படங்கள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது ஒன்றின் மூலையில் நகத்தளவு தோல் உரிந்து வந்தது. நல்ல காலம், எலும்பு இருக்கிற பக்கம் அல்ல. இனிமேல் படம் வைத்திருப்பவர்கள் இடையில் ஒரு வெள்ளைத்தாள் வைத்துத் தட்டையாக வையுங்கள். சுருட்டி வைக்க வேண்டாம், மெத்தைக்குக் கீழே வைக்கவே வேண்டாம்.

கிளினிக் கொப்பியைத் திகதி வாரியாக வாசித்தபோது, படிப்பித்த பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். 11 தடவை போயிருக்கிறேன். 11 தடவையும் வலது முழங்கால் மூட்டுத் தேய்வு என்பதற்கான அதே ஆங்கிலச் சுருக்கெழுத்து. மூன்று படங்களும் முழங்காலுக்கு எடுத்தவை. மூன்றிலும் தேய்வு சிறிதளவே என்று குறித்திருக்கிறார்கள். முழங்காலுக்குள் இரண்டு தடவை ஊசி போட்டார்கள். இரண்டு தடவையும் ஒரு நாளுக்குக்கூடச் சுகம் தெரியவில்லை. சிறிதளவு தேய்ந்த மூட்டு இவ்வளவு நோவைத் தருமா, அந்த மூட்டுக்குள்ளேயே மருந்து போட்டும் ஏன் கேட்கவில்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. தனித்தனி நாள்களில் தனித்தனிப் பக்கங்களில் கிடந்தவரை அவை வெறும் செய்திகள்தான். ஒரே தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தது.

பெறாமகளிடம் சொன்னேன். அவள் நோய் என்னவென்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது அவளுடைய நல்ல பழக்கம். இரண்டு கிழமைக்கு ஒரு அட்டவணை போடச் சொன்னாள்: எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்த இடத்தில், எப்படிப்பட்ட நோ, எவ்வளவு நேரம். அட்டவணை போடுவது எனக்குப் பிடித்த வேலை. எப்படிப்பட்ட நோ என்ற நிரலை நிரப்புவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை, ஏனென்றால் நம்முடைய மொழியில் அதற்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. இரவில் வருவது உளைவு. காலை எழுந்தவுடன் இருப்பது விறைப்பு, அது அரை மணிக்குள் விட்டுவிடும். திடீரென்று திரும்பும்போது வருவது குத்து. நெடுநேரம் நின்றால் கடுப்பு. இந்த நான்கையும் டொக்டர்மார் வேறு வேறாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவள் சொன்னாள். காலை விறைப்பு அரை மணிக்குள் விடுவதற்கும் ஒரு மணிக்கு மேல் நிற்பதற்கும் அவர்களுடைய கணக்கில் வித்தியாசம் உண்டு. முதலாவது பெரும்பாலும் தேய்வின் இயல்பு, இரண்டாவது முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களின் பக்கம் அவர்களை யோசிக்க வைக்கும். ஆகவே 'நோகுது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் நட்டம் நமக்குத்தான்.

எந்த இடத்தில் என்ற நிரலில்தான் சிக்கிக்கொண்டேன். முதல் மூன்று நாளும் 'முழங்கால்' என்றே எழுதினேன். நான்காம் நாள் தாளைப் படம் பிடித்து அனுப்பியபோது அவள் எழுதிய பதில் இது: "இடத்தின்ர பேரை எழுதாதீங்க பெரியம்மா. நோகேக்க விரலால தொடுங்க. விரல் எங்க போகுதோ அதை எழுதுங்க."

அந்த வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் நிற்கிற மரநிழலைக் கடந்து, மேலே ஏறுகிற அந்தச் சரிவு திருகோணமலையாருக்குத் தெரியும். சின்ன வயதில் ஓடி ஏறிய சரிவு. கடைகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே குத்து வந்தது. நின்றேன். சுவரில் இடது கையை ஊன்றிக்கொண்டு, பெறாமகள் சொன்னபடி வலது கையை விட்டேன். கை முழங்காலுக்குப் போகவில்லை. பெருவிரல் பின்பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமுமாகப் பிறைபோல வளைந்து, இடுப்புக்குக் கீழே தொடை தொடங்குகிற இடத்தைப் பற்றிப் பிடித்தது. விரல் நுனிகள் நின்ற இடம் தொடைச்சந்து. அங்கிருந்து நோ தொடையின் முன்புறமாக இறங்கி முழங்காலில் முடிந்தது. ஒரு மான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். மானுக்கு முன்னால்கூட எனக்கு அந்த இடத்தில் கை வைத்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது.

மூன்று வருடக் கதையும் அந்த வெட்கத்துக்குள் இருந்தது என்பதை வீட்டுக்கு வந்து எழுதும்போது விளங்கிக்கொண்டேன். தொடைச்சந்தில் நோகிறது என்று ஓர் ஆண் வைத்தியரிடம், பக்கத்தில் இரண்டு பயிற்சி வைத்தியர்களும் திரைக்கு அப்பால் அடுத்த நோயாளியும் நிற்க, எந்த வார்த்தையால் சொல்வது? கவடு என்றால் கூசும். அரை என்றால் யாருக்கும் விளங்காது. முழங்கால் என்றால் யாருக்கும் கூச்சமில்லை, சேலையைச் சற்று உயர்த்தினால் போதும். முழங்காலில் நோ இருந்ததும் பொய்யில்லை. ஆகவே நோ முடிகிற இடத்தைச் சொன்னேன், தொடங்குகிற இடத்தை விழுங்கிவிட்டேன். நான் முழங்கால் என்றேன். அவர்கள் முழங்காலைப் பார்த்தார்கள். என் வயதுப் பெண்கள் எத்தனை பேர் கிளினிக் வாங்குகளில் இப்படி ஒரு மரியாதையான உறுப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு காத்திருக்கிறார்களோ என்று யோசிக்கிறேன்.

வெட்கம் ஒரு பாதி, சொல் மற்றப் பாதி. நாங்கள் நாரி என்பது முதுகின் அடிப்பகுதியை. இடுப்பு என்றால் சேலை கட்டுகிற இடம், குழந்தையைத் தூக்கி வைக்கிற இடம். வைத்தியர்கள் இடுப்பு மூட்டு என்று சொல்வது இவை இரண்டையும் அல்ல. தொடையெலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் பொருந்துகிற ஆழமான இடத்தை. அந்த மூட்டில் கோளாறு வந்தால் நோ பெரும்பாலும் தொடைச்சந்திலும் தொடையின் முன்புறத்திலுமே தெரியும். இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்புகளின் கிளைகளே முழங்காலுக்கும் போவதால், சிலருக்கு மேலே இருக்கிற கோளாறு கீழே முழங்காலில் மட்டும் நோவாகத் தெரிவதும் உண்டு. எந்த மூட்டு முறைப்பாட்டிலும் மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் பார் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்தானாம். ஐந்து நிமிடக் கிளினிக்கில், நோயாளியே முழங்காலைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பாடத்துக்கு எங்கே நேரம்?

அட்டவணையின் மிச்ச நாள்களில் வேறு சில விடயங்கள் தாமாக வந்து விழுந்தன. முச்சக்கர வண்டிக்குள் வலது காலைக் கையால் தூக்கித்தான் உள்ளே வைக்கிறேன். கால்மேல் கால் போட முடிவதில்லை. வலது காலின் நகத்தை ஆறு மாதமாக நான் வெட்டவேயில்லை. வீட்டு வேலைக்கு வருகிற பிள்ளைதான் வெட்டிவிடுகிறாள். கண் தெரியவில்லை என்று அவளுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தேன். இடது காலின் நகத்தை மட்டும் கண் தெரிந்து வெட்டிக்கொண்டிருந்தேன் என்பதை அவளும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி எழுத எனக்கு விருப்பமில்லாத பகுதி. முழங்கால் ஊசி கேட்காமல் போன காலத்தில், தெரிந்த ஒருவர் சொல்லக் கேட்டு, பெயரோ பொதியோ இல்லாத மண்ணிறக் குளிசை ஒன்றைக் கடதாசிப் பையில் வாங்கி நான்கு மாதம் விழுங்கினேன். மூலிகை என்றுதான் சொன்னார்கள். முதல் கிழமையிலேயே நோ பாதியாகக் குறைந்தது, நன்றாகப் பசித்தது, முகம் சற்று ஊதி, வடிவாக இருக்கிறாய் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். இதை எந்த வைத்தியரிடமும் நான் சொன்னதில்லை. இரத்தப் பரிசோதனைத் தாள்களைத் திகதி வரிசையில் அடுக்கியபோது, வெறும்வயிற்றுச் சீனி 118, 121 என்று நின்ற நிரலில் அந்த நான்கு மாதத்துக்குள் மட்டும் 172, 168 என்று இரண்டு எண்கள் எழும்பி நிற்பதைக் கண்டேன். அப்போது சீனிக்கான மருந்தைக் கூட்டினார்கள், பிறகு குறைத்தார்கள், ஏனென்று ஒருவருக்கும் தெரியாது, தெரியக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெயரில்லாத இப்படியான குளிசைகள் சிலவற்றில் ஸ்டெரொயிட் வகை மருந்து கலந்திருப்பதுண்டு. அது நோவை விரைவாக அடக்கும், பசியையும் சீனியையும் கூட்டும். தொடர்ந்து எடுத்தால் தொடையெலும்பின் தலைக்குப் போகிற இரத்த ஓட்டத்தைக் கெடுத்து, அந்த எலும்பையே மடியச் செய்யவும் கூடும். ஆரம்பத்தில் இது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படத்தில்தான் முதலில் தெரியும். என்னுடைய குளிசைக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது; சொல்ல வேண்டியது, விழுங்கினேன் என்பதும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை என்பதும். மீதமிருந்த மூன்று குளிசைகளை ஒரு சின்னப் போத்தலில் போட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

எழுதியதை எடுத்துக்கொண்டு எங்கள் குடும்ப வைத்தியரிடம் போனேன், கடிதம் அவர்தான் தர வேண்டும். அவர் தாளைக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தார். பிறகு கட்டிலில் படுக்கச் சொன்னார். முழங்காலை மட்டும் மடக்கி நீட்டினார், ஒன்றும் இல்லை. அடுத்து தொடையையும் முழங்காலையும் மடக்கிப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பினார். ஐயோ என்று கத்திவிட்டேன். வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். இடது காலை அதேபோலத் திருப்பினார். கால் தன்பாட்டில் திரும்பியது.

"ரீச்சர், இவ்வளவு நாளும் இதைச் சொல்லேல்லையே?"

"நான் முழங்கால் எண்டெல்லோ நினைச்சனான், டொக்டர்."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலுடன் வலது இடுப்பு மூட்டையும் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்து எழுதினார்; குளிசைக் கதையையும் எழுதினார். எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே போய்விடட்டுமா என்று கேட்டேன், அயலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வேண்டாம் என்றார். எந்த மூட்டுக்கு, எந்த நிலையில் படம் வேண்டும் என்பதைப் பரிசோதித்துப் பார்க்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு உதாரணமாக என்னுடைய பழைய படங்களையே காட்டினார். அவற்றில் இரண்டு படுத்த நிலையில் எடுத்தவை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்கிறார்கள். படுத்திருக்கும்போது பாரம் இல்லாததால் தேய்ந்த முழங்காலிலும் இடைவெளி இருப்பதுபோலத் தெரியும், நின்றால்தான் உண்மை வெளிக்கும். ஆகவே பழைய படங்களைக் கொண்டுபோ, புதிதாக ஒன்றும் காசு செலவழித்து எடுக்காதே என்பது அவருடைய முடிவு. இரத்தத்தில் மட்டும் இரண்டு சோதனைகள் எழுதினார். ஒன்று, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி. சத்திரசிகிச்சை என்று ஒரு பேச்சு வந்தால் முதலில் கேட்கப்போவது அதைத்தான், சீனி கூடியிருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமி தொற்றும் அபாயமும் அதிகம். மற்றது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினின். நான் பாமசியில் நானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக் என்ற நோக்குளிசை, பிரசருக்குக் குடிக்கிற லொசாற்றனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை என்று அவர் சொன்னபோது, அந்தப் பற்றுச்சீட்டுகளை எறியாமல் வைத்திருந்தது எதற்கு என்று விளங்கியது. அவற்றை எண்ணி, மாதத்துக்குச் சராசரியாக எத்தனை குளிசை என்று எழுதிக்கொண்டேன். எண்ணிக்கையை இங்கே சொல்ல மாட்டேன்.

சத்திரசிகிச்சை என்ற சொல்லுக்கு இரண்டு இரவு நித்திரை போனது. பிறகு ஆறுதலாக இருந்து யோசித்தேன். இன்று செய்யப்படுகிற இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் அடிப்படை முறையை இங்கிலாந்தில் ஜோன் சான்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1962இல் செய்து காட்டிவிட்டார். நான் பிறந்தது 1964இல். என்னைவிட வயதில் மூத்த ஒரு விடயத்துக்குப் பயப்படுவதில் ஓரளவு நியாயம்தான் இருக்க முடியும். அதுவும் இன்னும் யாரும் வேண்டும் என்று சொல்லாத ஒன்று.

ஒரு பக்கம் என்று பெறாமகள் சொன்னதற்கு, ஐந்து பக்கத்திலிருந்து வெட்டி வெட்டி ஒன்றரைப் பக்கம்வரை வந்து, பிள்ளைகளுடைய கட்டுரையைச் சுருக்குவதுபோல என்னுடையதையும் சுருக்கி முடித்தேன். மேலே வயது, நீரிழிவு, பிரசர், பித்தப்பைச் சத்திரசிகிச்சை, பெனிசிலின் ஒவ்வாமை. அடுத்து மருந்துகள், பெட்டியைப் பார்த்து அப்படியே எழுதியவை: மெற்ஃபோமின் 500 மில்லிகிராம் காலையும் இரவும், லொசாற்றன் 50, அற்றோவஸ்ரற்றின் 10. ஞாபகத்தில் எழுதியபோது இரண்டைப் பிழையாக எழுதியிருந்தேன், ஆகவே பெட்டிகளையும் பைக்குள் போட்டுவிட்டேன். பூசுகிற எண்ணெய்கூட எழுதியிருக்கிறது. நடுப்பகுதியில் நோவின் கதை எட்டு வரியில். கடைசியில் மூன்று கேள்விகள் மட்டும்: நோவின் மூலம் முழங்காலா இடுப்பா, அந்தக் குளிசைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது, இப்போதைக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது. பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. மற்ற ஒன்பதும் இந்த மூன்றுக்கு விடை கிடைத்தால் தாமாக விழுந்துவிடும் என்று கண்டேன்.

பொல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. நோகிற வலது காலுக்கு வலது கையில்தான் ஒரு வருடமாகப் பொல்லுப் பிடித்தேன். இடது கையில் பிடியுங்கோ என்று பெறாமகள் சொன்னபோது, நெம்புகோல் படிப்பித்த எனக்கு முகம் சிவந்தது. வலது காலில் மட்டும் நிற்கிற கணத்தில் இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது வலது இடுப்பின் பக்கத்துத் தசைகள். அவை மூட்டுக்கு மிகக் கிட்ட இருப்பதால், உடல் நிறையைச் சமன்செய்யப் பெரும் விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தக் கணத்தில் மூட்டில் விழுகிற பாரம் உடல் நிறையின் இரண்டரை முதல் மூன்று மடங்காகிவிடுகிறது. இடது கையிலுள்ள பொல்லோ மூட்டிலிருந்து தூரத்தில் இருக்கிறது. தூரம் கூடினால் சிறிய விசையே போதும். பதினோராம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு. கையை மாற்றிப் பிடித்த அன்றைக்கே வாசற்படியில் வித்தியாசம் தெரிந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில் என்பதும் அவள் சொன்னதுதான்.

மற்றவை சில்லறை. சேலை வேண்டாம், தளர்ந்த பாவாடையும் சட்டையும். காலையில் எடுக்கிற மருந்துகளை நிறுத்தத் தேவையில்லை. பனடோல் போட்டால் போட்ட நேரத்தை எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோவில்லாத காலைத்தான் அவர் பார்ப்பார். தங்கை உள்ளே வரலாம், ஆனால் எனக்காகப் பதில் சொல்லக்கூடாது. "அக்காவுக்கு முழங்கால் ஏலாது" என்று அவள் வாய் தவறிச் சொன்னால் மூன்று வாரமும் வீண். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பில் இருந்தால் கால் விறைத்துவிடும் என்பதால், வாகரையில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடப்பது என்று வான்காரத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது இதே வழியில் கிண்ணியா தொடங்கி வெருகல்வரை துறைக்குத் துறை இறங்கி, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவை வரும்வரை கரையில் நின்று, அதில் ஏறிக் கடந்து போக வேண்டும். அன்றைக்கு நின்றது நடந்தது எல்லாம் காலுக்கு நல்லதாக இருந்திருக்கும். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறந்து, அதன் பின் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்த பிறகு, இறங்காமலே போய்விடலாம்.

நேற்று இரவு பெறாமகள் தொலைபேசியில் என்னைச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். தாள் இருக்கிறதே, கொடுத்துவிடலாம்தானே என்றேன். தாளை அவர் பிறகு வாசிப்பார், முதல் வசனம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். முதல் தரம், "கால் நோகுது டொக்டர், மேல்ப்பக்கமா" என்றேன். எந்த மேல்ப்பக்கம் என்று கேட்டாள். இரண்டாம் தரம் தொடை என்று சொல்லிக் குரலைத் தாழ்த்திவிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தரம், வலது தொடைச்சந்தில் தொடங்கி முழங்கால்வரை நோ இறங்குகிறது, மூன்று வருடமாக, நான் இதுவரை முழங்கால் என்றுதான் சொல்லி வந்தேன் என்று முழுவதையும் சொன்னேன். பக்கத்து அறையில் வேலைக்கார பிள்ளை உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் ஆம்பிளைதான், ஞாபகம் இருக்குத்தானே?" என்றாள் பெறாமகள்.

இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதே சத்தத்தில் நான்காம் தரமும் சொல்லிக் காட்டினேன்.